நாஸ்தென்கா ஏன் மன்னிப்புக் கேட்டாள்?

தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1848இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த இந்தக் குறுநாவல், ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் நம்மிடம் வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. எஸ்.பி. ஜனநாதனின் முதல் படமான 'இயற்கை' (2003) இதைத் தழுவியது. ஒருதலைக் காதல் என்றதும் படிக்கிற பழக்கமுள்ள இளைஞர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் இது ஒன்று. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கனவுலகவாசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவனுடைய தனிமை, அவனுடைய கண்ணீர், கடைசிப் பக்கத்தில் அவன் தருகிற ஆசி. படித்து முடித்த ஆண்கள் பலரும் தங்களை அவனாகவே எண்ணிக்கொள்கிறார்கள். பெண்கள் பலரும்கூட அவனுக்காகவே அழுகிறார்கள்.

எனக்கு இந்த நாவலில் தங்கிப்போன இடம் வேறு. நான்கு இரவுகளுக்குப் பிறகு ஒரு காலை வருகிறது. நாஸ்தென்காவின் கடிதம் வருகிறது. அந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்டபடிதான் தொடங்குகிறது. அவனையும் தன்னையும் ஏமாற்றிவிட்டதாக அவள் எழுதுகிறாள். அவனது அன்புக்கு நன்றி சொல்கிறாள். இருவரையும் ஒருசேரக் காதலிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிறாள். அடுத்த வாரம் தனக்குத் திருமணம் என்பதையும் சொல்கிறாள். அவள் செய்த குற்றம் என்ன? தான் காதலித்தவனை மணந்துகொள்ளப் போகிறாள். தன்னைக் காதலித்தவனைக் காதலிக்கவில்லை. இதற்கு எதற்கு மன்னிப்பு?

இந்தக் கேள்வியை வகுப்பில் வைக்கும்போதெல்லாம் ஒரே பதில் முதலில் வரும்: "அவ ஆச காட்டி ஏமாத்திட்டா, மேடம்." ஆண் மாணவர்கள் மட்டும் சொல்வதில்லை. ஆகவே நாவலை அவள் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

*

நாஸ்தென்காவுக்கு வயது பதினேழு. கண் தெரியாத பாட்டியுடன் வாழ்கிறாள். அவள் ஏதோ குறும்பு செய்ததற்காகப் பாட்டி தன் உடையோடு அவள் உடையையும் சேர்த்து ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். நாள் முழுக்கப் பாட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்க வேண்டும், படித்துக் காட்ட வேண்டும். ஒருமுறை காது கேளாத வேலைக்காரி ஃபியோக்லாவைத் தன் இடத்தில் உட்கார்த்தி ஊக்கைக் குத்திவிட்டு நாஸ்தென்கா தோழியைப் பார்க்கப் போகிறாள். பாட்டி விழித்துக்கொண்டு ஏதோ கேட்கிறாள். ஃபியோக்லாவுக்குக் கேட்காது, ஆனால் பாட்டி பேசுவது தெரிகிறது. பயந்துபோய் ஊக்கைக் கழற்றிவிட்டு ஓடிவிடுகிறாள். இதைச் சொல்லும்போது நாஸ்தென்கா சிரிக்கிறாள். நமக்கும் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குள் கட்டிப்போடப்பட்ட பெண்கள் தங்கள் சிறையைப் பற்றிப் பேசும்போது இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். நம் பாட்டிகளும் அம்மாக்களும் இப்படிப் பேசி நாம் கேட்டிருக்கிறோம்.

மாடியறைக்கு ஒருவன் வாடகைக்கு வருகிறான். படிக்கப் புத்தகம் தருகிறான். வால்டர் ஸ்காட், புஷ்கின். பாட்டியையும் அவளையும் 'செவில் நகரத்து நாவிதன்' இசைநாடகத்துக்கு அழைத்துப் போகிறான். அவன் மாஸ்கோவுக்குப் போகப்போவது தெரிந்ததும் நாஸ்தென்கா தன் துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிறாள். அவன் அழைக்கவில்லை. இவளாகவே போகிறாள். தான் ஏழை, இப்போது மணக்க முடியாது, ஓராண்டில் திரும்பி வருவேன் என்கிறான் அவன். ஓராண்டு ஆகிறது. அவன் ஊருக்கு வந்தும் அவளைத் தேடி வரவில்லை என்று தெரிந்து, கால்வாய்க் கரையில் கம்பியில் சாய்ந்து அவள் அழுதுகொண்டு நிற்கும்போதுதான் கனவுலகவாசி அவளைப் பார்க்கிறான்.

ஆகவே இந்த நாவலில் ஒருதலைக் காதலோடு முதலில் நிற்பவள் நாஸ்தென்காதான். அவனுடைய காதலுக்கு நான்கு இரவு வயது. அவளுடையதற்கு ஓராண்டுக்கும் மேல். அவன் தன் வலியைப் பற்றி ஒரு நாவல் எழுதிவிட்டான். அவளுடைய வலி அதற்குள் ஓர் உட்கதையாக இருக்கிறது. வாசகர்களின் நினைவில் அதுவும் இல்லை.

முதல் இரவின் காட்சியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அழும் பெண்ணைப் பார்த்ததும் கனவுலகவாசி அவளைத் தொடர்கிறான். அவள் பயந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். இவன் தெருவைக் கடந்து போகத் துணியவில்லை. அப்போது குடித்திருந்த ஒரு கனவான் அவளைத் துரத்துகிறான். இவன் கைத்தடியோடு ஓடிவந்து அவளைக் காப்பாற்றுகிறான். அந்தத் தெருவில் அந்த இரவில் ஒரு பெண்ணின் பின்னால் போனவர்கள் இருவர். அவள் விலகியதும் ஒருவன் நின்றுவிட்டான், மற்றவன் நிற்கவில்லை. காதலுக்கும் துன்புறுத்தலுக்கும் இடையிலுள்ள எல்லையை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. அந்த எல்லை ஆணின் மனத்துக்குள் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பதில் இல்லை. எதிர்ப்பக்கம் போன பெண்ணைப் பார்த்து அவன் கால்கள் என்ன செய்தன என்பதில் இருக்கிறது.

மறுநாள் சந்திக்கலாமா என்று அவன் கேட்கும்போது அவள் ஒரு நிபந்தனை போடுகிறாள். என்மேல் காதல் கொள்ளக் கூடாது, நட்புக்குத் தயார் என்கிறாள். அவன் ஒத்துக்கொள்கிறான். மூன்றாவது இரவில், நீங்கள் என்மேல் காதல் கொள்ளாததால்தான் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு அன்பு என்றுகூடச் சொல்கிறாள். வேறு எந்தக் காதல் கதையிலும் ஒரு பெண் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு முன்கூட்டியே பேசியதாக எனக்கு நினைவில்லை. அப்படியும் 'ஏமாற்றியவள்' என்ற பெயர் அவளுக்குத்தான். வாக்கை மீறியவன் அவன். காதல் வருவதை அவனால் தடுக்க முடியாது என்று நாம் அவனுக்காக வாதாடுகிறோம். சரிதான். காதல் வருவதைத் தடுக்க முடியாது என்றால், காதல் வராததையும் மாற்ற முடியாது. ஒரே நியாயம்தான். அவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கிறோம்?

*

தமிழில் நாம் இதைப் பேசும் மொழியைக் கொஞ்சம் பார்க்கலாம். மொழி ஆசிரியை என்பதால் எனக்கு வாக்கியங்கள்தான் முதலில் கண்ணில் படும்.

"காதலிக்க மறுத்த பெண் வெட்டிக் கொலை." நாளிதழ்களில் நாம் பழகிப்போன தலைப்பு இது. இந்த வாக்கியத்தில் கொன்றவன் எங்கே? இல்லை. ஒரு செயலைச் செய்தவளாக இருப்பவள் அந்தப் பெண் மட்டுமே. அவள் செய்த செயல், மறுத்தது. 'மறுத்த' என்ற பெயரெச்சம் அவள் பெயருக்கு முன்னால் ஒரு காரணம்போல வந்து ஒட்டிக்கொள்கிறது. கொலைக்குக் காரணம் வாக்கியத்துக்குள்ளேயே தரப்பட்டுவிட்டது, அதையும் அவளே தந்திருக்கிறாள். "ஒருதலைக் காதல் விபரீதம்" என்று இன்னொரு தலைப்பு. இதில் கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவளும் இல்லை. மழை வெள்ளம்போல ஏதோ நடந்துவிட்டது.

'மறுப்பு' என்ற சொல்லையே யோசிக்க வேண்டும். பந்தியில் பரிமாறியதை மறுக்கலாம். வந்த அழைப்பை மறுக்கலாம். மறுக்க வேண்டுமானால் முதலில் ஒன்று முறைப்படி நம் முன்னால் வைக்கப்பட்டிருக்க வேண்டும், அதை ஏற்பது வழக்கமாகவும் இருக்க வேண்டும். ஒருவன்மேல் ஒருத்திக்குக் காதல் இல்லை என்பது ஒரு நிலை. அவள் அதற்காக எதையும் செய்யவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள், கல்லூரிக்குப் போனாள், வேலை பார்த்தாள். அந்த வெறும் இல்லாமையை 'மறுத்தாள்' என்று ஒரு வினையாக மாற்றியவுடன் அவள் பதில் சொல்ல வேண்டியவளாகிவிடுகிறாள்.

அறவியலில் ஒரு பழைய கருத்து உண்டு: ஒருவரால் செய்ய முடியாததைக் கடமை என்று அவர்மேல் சுமத்த முடியாது. யாரும் விரும்பித் தீர்மானித்துக் காதலிக்க முடியாது. கருணையோடு நடந்துகொள்ளத் தீர்மானிக்கலாம், மரியாதையாகப் பேசத் தீர்மானிக்கலாம், பொய் சொல்லாமலிருக்கத் தீர்மானிக்கலாம். காதல் அந்தப் பட்டியலில் வராது. ஆகவே காதலை யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்க முடியாது. ஓர் ஆண் எவ்வளவு ஆண்டுகள் காத்திருந்தாலும், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அந்தக் காத்திருப்பு அவள் பெயரில் ஏறும் வட்டி ஆகாது.

தத்துவ ஆய்வாளர் கேட் மேன் 2017இல் வெளியான தம் 'டவுன் கேர்ள்' நூலில் பெண்வெறுப்பை ஓர் உணர்ச்சியாகப் பார்க்காமல் ஒரு காவல் ஏற்பாடாகப் பார்க்கிறார். அன்பு, கவனம், பரிவு, பாராட்டு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் பெண்கள், பெறும் உரிமையுள்ளவர்கள் ஆண்கள் என்றொரு கணக்கு சமூகத்தில் இருக்கிறது. கொடுக்காத பெண்ணைத் தண்டிக்கும் வேலையைப் பெண்வெறுப்பு செய்கிறது என்பது அவர் வாதம். துன்புறுத்திய ஆணின்மேல் நாம் கொள்ளும் அளவுக்கு மீறிய இரக்கத்துக்கும் அவர் ஒரு பெயர் சூட்டுகிறார். நமக்கு அந்த ஆங்கிலச் சொல் தேவையில்லை. "பாவம் அந்தப் பையன், எவ்வளவு நேசிச்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்பான்" என்று தெருவில் நின்று பேசும் வாக்கியம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தோற்ற காதலைக் கொண்டாடிப் பெண்ணைத் திட்டும் பாட்டுக்கு 'சூப் சாங்' என்று நம் சினிமா ஒரு தனி வகையே உண்டாக்கி வைத்திருக்கிறது.

*

2012 நவம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்து தலித் குடியிருப்புகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு வன்னியர் பெண்ணும் ஒரு தலித் இளைஞரும் மணந்துகொண்டதை ஒட்டி நடந்த தாக்குதல் அது. அடுத்த வாரமே, 14ஆம் தேதி, காரைக்காலில் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர்மேல் அமிலம் வீசப்பட்டது. அவர் ஒருவனின் காதலை ஏற்கவில்லை. சில மாதங்களில், 2013 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார். வீசியவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பெண்கள். ஒருத்தி சரி என்றாள், ஓர் ஊரே எரிந்தது. இன்னொருத்தி இல்லை என்றாள், உடல் எரிந்தது. இரண்டும் வெவ்வேறு செய்திகள்போலத் தெரியும். ஒன்று சாதிப் பிரச்சினை என்றும், மற்றது காதல் பிரச்சினை என்றும் தனித்தனிப் பக்கங்களில் அச்சாகும். இரண்டிலும் பதில் சொல்லும் உரிமை அவளிடம் இல்லை என்பதுதான் அடிப்படை. சரி என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் குடும்பமும் சாதியும். இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமே வரக் கூடாது, கேட்பவன் கேட்டதைப் பெற வேண்டும். சரி என்று சொல்லும் உரிமைக்காகப் போராடும் நாம், இல்லை என்று சொல்லும் உரிமையையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். சாதியை மறுத்துக் காதலிப்பவளைக் கொண்டாடிவிட்டு, காதலை ஏற்காதவளை 'திமிர் பிடித்தவள்' என்று சொன்னால் நாம் அவளுடைய விருப்பத்தைக் கொண்டாடவில்லை. நமக்குப் பிடித்த விருப்பத்தை மட்டும் கொண்டாடுகிறோம்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் அமில வீச்சுக்கும் பின்தொடர்தலுக்கும் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பின்தொடர்தலுக்கான 354டி பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் அவளைத் தொடர்ந்தாலோ, தொடர்புகொள்ள முயன்றாலோ குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. இந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அந்தத் 'தெளிவாக' என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது.

நம் பெண்கள் தெளிவாக இல்லை என்று சொல்லப் பழக்கப்பட்டவர்கள் அல்லர். "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க." "படிப்பு முடியட்டும்." "உங்கள அண்ணன் மாதிரி நெனச்சேன்." "எனக்கு ஏற்கெனவே பேசி வச்சிருக்காங்க." இவை எல்லாம் இல்லை என்பதன் தமிழ் வடிவங்கள். ஒவ்வொன்றிலும் காரணம் வேறு யாரிடமோ இருக்கிறது. அப்பாவிடம், தேர்வு அட்டவணையிடம், இன்னோர் ஆணிடம். எனக்கு விருப்பமில்லை என்ற ஒரு காரணம் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காரணத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஆகவே அவள் எதிரிலிருப்பவனின் மானத்தைக் காப்பாற்றும் ஒரு வாக்கியத்தைத் தேடுகிறாள். அவனோ அதில் ஒரு வாய்ப்பைக் கண்டுகொள்கிறான். படிப்பு முடிந்ததும் வந்து நிற்கிறான். அப்போதும் அவள் மறுத்தால் 'ஏமாத்திட்டா' என்கிறான். சட்டம் தெளிவைக் கேட்கிறது, தெரு தெளிவைத் தண்டிக்கிறது. நடுவில் நிற்கும் பெண் போனில் எண்ணை பிளாக் செய்துவிட்டு, வேறு வழியாக வீட்டுக்குப் போகிறாள்.

நாஸ்தென்காவின் மன்னிப்பும் இந்த வகையைச் சேர்ந்ததுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவள் கனவுலகவாசிக்குப் பயப்படவில்லை. அவன் பயப்பட வேண்டிய ஆளும் இல்லை. ஆனால் ஊக்கு குத்தி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, தன் மகிழ்ச்சிக்காக எழுந்து போகும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய நாற்காலி இழுபடும் என்று தெரியும். நாவலில் அப்படியே ஒரு காட்சி இருக்கிறது. வாடகைக்காரன் திடீரென்று உள்ளே வந்ததும் அவள் ஊக்கை மறந்து துள்ளி எழுகிறாள், பாட்டியின் நாற்காலி இழுபடுகிறது, அவள் வெட்கத்தில் அழுதுவிடுகிறாள். கடைசிக் கடிதத்தில் இழுபடுவது இன்னொரு நாற்காலி.

*

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. நான்காவது இரவில் நாஸ்தென்கா என்ன செய்தாள்? வாடகைக்காரன் வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டு, கனவுலகவாசி தன் காதலைச் சொன்னதும், உன்னைக் காதலிப்பேன் என்றாளே. தங்கள் வீட்டு மாடியறைக்கே குடிவந்துவிடு என்றாளே. இருவரும் எதிர்காலம் பற்றிப் பேசியபடி நடக்கிறார்கள். அப்போதுதான் அவன் வருகிறான், இவள் பிரிந்து ஓடுகிறாள். ஒரு மணி நேரமாவது ஒரு மனிதனுக்கு நம்பிக்கை தந்துவிட்டாள். அதற்குப் பொறுப்பே இல்லையா?

பொறுப்பு உண்டு. என்ன பொறுப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உடைந்துபோன நேரத்தில் பக்கத்தில் இருந்தவனின் அன்பைப் பற்றிக்கொண்டாள். அப்போது அவள் சொன்னதை அப்போது நம்பினாள். வேண்டுமென்றே பொய் சொல்லி ஒருவரைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. பணத்துக்காக, வேலைக்காக, பொழுதுபோக்குக்காக ஒருவரின் காதலைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது தவறு. அதை ஆண் செய்தாலும் பெண் செய்தாலும் தவறுதான். நாஸ்தென்கா செய்தது அதுவல்ல. அவள் மனம் மாறினாள், மாறியதை உடனே சொன்னாள். மனம் மாறும் உரிமை இல்லாத சம்மதம் சம்மதமே அல்ல. நான்காவது இரவில் சொன்ன ஒரு சொல்லுக்காக அவள் அவனை மணந்திருந்தால், பாட்டியின் ஊக்கை அவன் உடையில் குத்திக்கொண்டது போலத்தான் ஆகியிருக்கும்.

அவனுக்கு வலிக்கிறது. அந்த வலி உண்மையானது. அந்த வலிக்கு அவள் ஒரு காரணமும்கூட. ஆனால் ஒருவரின் வலிக்குக் காரணமாக இருப்பதும் அவருக்குத் தீங்கிழைப்பதும் ஒன்றல்ல. நேர்முகத் தேர்வில் எனக்கு வேலை கிடைத்ததால் இன்னொருத்திக்கு வலித்திருக்கும். நான் அவளுக்காக வருந்தலாம், அவளிடம் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை. ஒருதலைக் காதலில் துயரம் உண்டு, வழக்கு இல்லை. துயரத்தை வழக்காக மாற்றும் இடத்தில்தான் எல்லாக் கொடுமையும் தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டைக் கனவுலகவாசி அறிந்திருக்கிறான் என்பதே அவனுடைய பெருமை. கடைசிப் பக்கத்தில் அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. தன் குறை அவள் மகிழ்ச்சிமேல் நிழலாக விழக் கூடாது என்கிறான். இதற்காக அவனை மதிக்கிறேன். ஆனாலும் அவனை நான் புனிதனாக்க மாட்டேன். இரண்டாவது இரவில் அவன் தன்னைப் பற்றி நீளமாகப் பேசும்போது, நீங்கள் புத்தகத்திலிருந்து படிப்பது போலப் பேசுகிறீர்கள் என்று நாஸ்தென்காவே சொல்லிவிடுகிறாள். அவன் ஆண்டுக்கணக்காகக் கற்பனைப் பெண்களோடு வாழ்ந்தவன். அவன் வீட்டில் ஒரு நிஜப் பெண் இருக்கிறாள், வேலைக்காரி மத்ரியோனா. அவன் அவளை ஒட்டடை அடிக்காதவளாக மட்டுமே பார்க்கிறான். கடைசிக் காலையில், அவன் உலகம் இடிந்து கிடக்கும்போது, ஒட்டடை எல்லாம் அடித்துவிட்டேன், இனி நீங்கள் கல்யாணம் பண்ணி விருந்தாளிகளையும் கூப்பிடலாம் என்கிறாள் மத்ரியோனா. அவன் கனவு காண்பதற்கான வீட்டை யார் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்று தஸ்தயெவ்ஸ்கி மறக்கவில்லை. வாசகர்களாகிய நாம்தான் மறந்துவிடுகிறோம்.

*

நம் இலக்கணத்தில் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர். தொல்காப்பியம் அதை விளக்கும்போது சொல்வது இது: காமத்துக்கு இன்னும் தயாராகாத ஓர் இளம்பெண்ணிடம் ஓர் ஆண் பேசுகிறான், எதிர்ச்சொல் பெறாமலே பேசி இன்புறுகிறான். பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. அவளுடைய மௌனம்தான் அந்தத் திணையின் இலக்கணம். இந்த இடத்தில் 'வெண்ணிற இரவுகள்' எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிகிறது. நாஸ்தென்காவுக்கு வாய் இருக்கிறது, தன் கதை இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது.

மடலேறுதலும் நம்முடையதே. பனை மடலால் செய்த குதிரையில் ஏறி, விரும்பிய பெண்ணின் தெருவுக்குள் வருகிறான் ஆண். தன் உடலை வருத்தி, ஊரைக் கூட்டி, அவளைப் பேச்சுக்கு இடமாக்கி, பெற்றோரை இணங்கச் செய்வது இதன் நோக்கம். கவிதையில் இது அழகாக இருக்கிறது. இன்று கையைக் கிழித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அதிக தூரமில்லை. மடல் ஏறுவேன் என்று சொல்வது வேறு, ஏறுவது வேறு என்பது தொல்காப்பியத்துக்கே தெரிந்திருந்தது. ஏறிய மடலை அது பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில் வைத்தது.

மடல் பெண்ணுக்கு இல்லை. கடல்போலக் காமம் பெருகினாலும் மடலேறாத பெண்மையே பெருமை என்கிறது குறள். பெண் மடலேறப்போவதாகப் பாடும் துணிச்சல் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் வருகிறது. அங்கே பேசுவது பெண் குரல் பூண்ட ஆண் பக்தர், காதலன் கடவுள். மண்ணுலகில் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன சூர்ப்பணகைக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நமக்கு நக்கண்ணையார் இருக்கிறார். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியை அவர் காதலித்துப் பாடிய மூன்று பாட்டுகள் புறநானூற்றில் 83, 84, 85ஆம் எண்களில் இருக்கின்றன. திணை கைக்கிளை. இங்கே பேசுகிறவள் பெண். தாய்க்கு அஞ்சுகிறாள், அவைக்கு நாணுகிறாள், வளை கழல்கிறது, உடல் பசலை பூக்கிறது. மல்லனோடு அவன் பொருததைப் பார்க்க ஊரே கூடி நிற்க, அவள் ஒரு பனையோடு ஒட்டி நின்று அவன் வென்றதைக் கண்டதாகச் சொல்கிறாள். மடல் தரும் அதே மரம். ஆணாக இருந்தால் அதிலிருந்து குதிரை செய்து அவன் தெருவுக்குப் போயிருக்கலாம். அவள் அதில் சாய்ந்து நின்றாள்.

மூன்று பாட்டிலும் அவனிடம் ஒரு கோரிக்கையும் இல்லை. அவன் கொடுமைக்காரன், கண்டுகொள்ளாதவன் என்ற பழி இல்லை. நீ இல்லாவிட்டால் சாவேன் என்ற மிரட்டலும் இல்லை. தன் காமம் தன்னுடையது என்று அவருக்குத் தெரிகிறது. அதைப் பாட்டாக்கித் தன் பெயரோடு விட்டுச் சென்றிருக்கிறார்.

இதை அப்படியே ஒரு முன்மாதிரியாக்கிவிட எனக்குத் தயக்கம் உண்டு. கோர முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டவள் கோராததை அறம் என்று புகழ்வது ஆண்கள் காலங்காலமாகச் செய்துவருவது. அவர் அஞ்சியது தாய்க்கு, அவைக்கு. நான் விரும்புவது அந்த அச்சம் இல்லாத ஒரு காலத்தை. அந்தக் காலத்தில் ஒரு பெண் போய்த் தன் விருப்பத்தைச் சொல்லலாம், அவன் இல்லை என்றால் திரும்பி வரலாம், அழலாம், எழுதலாம், யாரும் அவள் மூக்கை அறுக்க மாட்டார்கள். ஓர் ஆணும் அதேபோலச் சொல்லலாம், அதேபோலத் திரும்பி வரலாம். அவனுடைய நண்பர்கள் அவளைத் திட்டிப் பாட்டுப் போடாமல் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற பருவத்தில் மாணவிகளிடம் நாஸ்தென்காவின் கடிதத்தை மன்னிப்பு இல்லாமல் எழுதித் தரச் சொன்னேன். நன்றி இருக்கலாம், வருத்தம் இருக்கலாம், மன்னிப்பு மட்டும் கூடாது. எளிதான பயிற்சி என்று நினைத்துத் தொடங்கியவர்கள் திணறினார்கள். சிலர் மன்னிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரணங்களை அடுக்கினார்கள்: பாட்டி, வாக்குறுதி, வாடகைக்காரன் முதலில் வந்தவன். ஒருத்தி எழுதியது ஐந்தே வரி. நீங்கள் எனக்குக் கைகொடுத்த இரவுகளை நான் மறக்க மாட்டேன், உங்களுக்கு வலிக்கும் என்று தெரிகிறது, எனக்கும் அது வருத்தமாக இருக்கிறது, நான் விரும்பியவர் வந்துவிட்டார், நான் போகிறேன்.

"ரொம்பத் திமிரா இருக்கோ, மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பக்கத்திலிருந்தவள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாள்.